ஆறாம் தரத்தில் ஆங்கில மொழிமூல வகுப்பு: ஆறு ஆண்டு அனுபவத்தின் பின் ஒரு தாயின் மதிப்பீடு

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் என் மகன் வெட்டுப்புள்ளியைத் தாண்டி, யாழ்ப்பாண நகரத்துப் பாடசாலை ஒன்றில் ஆறாம் தர அனுமதி பெற்றிருக்கிறான். அனுமதிப் படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் மொழிமூலம் என்று ஒரு வரியும், அதற்கு எதிரே தமிழ், ஆங்கிலம் என இரண்டு கட்டங்களும் இருக்கின்றன. இதே போன்றதொரு படிவத்தில், 2019ஆம் ஆண்டு, மூத்த மகளுக்காக ஆங்கிலம் என்ற கட்டத்தில் அதிகம் யோசிக்காமல் சரி அடையாளம் இட்டேன். அவள் இப்போது பதினோராம் தர முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையை முடித்து, பல்கலைக்கழக அனுமதிக்கான உயர்தர வகுப்பில் படிக்கிறாள். அந்த வகுப்பின் பயனையும் குறையையும் ஆறு ஆண்டுகள் வீட்டுக்குள்ளிருந்து பார்த்தவள் என்ற வகையில், இதே படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு இருக்கும் ஏனைய பெற்றோருக்கு உதவும் என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன். பாடசாலையின் பெயரைக் குறிப்பிடவில்லை. நான் கண்ட குறைகளிற் பல ஒரு பாடசாலைக்கு மட்டும் உரியவை அல்ல.

இந்த வகுப்பு என்ன என்பதைப் பலரும் சரியாக விளங்கிக்கொள்ளாமலேயே விண்ணப்பிக்கிறார்கள். நானும் அப்படித்தான் விண்ணப்பித்தேன். அரச பாடசாலைகளில் ஆங்கில மொழிமூலம் 2001இல் உயர்தர விஞ்ஞானப் பிரிவிலும், 2002இல் ஆறாம் தரத்திலும் மீண்டும் தொடங்கப்பட்டது. பேச்சில் நாம் ‘இங்கிலிஷ் மீடியம்’ என்று சொன்னாலும், கல்வித் திணைக்களத்தின் மொழியில் இது இருமொழிக் கற்கையாகும். மகளின் பாடசாலையில் கணிதம், விஞ்ஞானம், புவியியல், குடியியற் கல்வி, சுகாதாரம், தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் ஆகியவை ஆங்கிலத்தில் நடந்தன. சைவநெறி, தமிழ், வரலாறு ஆகியவை தமிழிலேயே நடந்தன. பாடத்திட்டம் தமிழ் வகுப்பினுடையதே. பாடநூல்களும் அரசு இலவசமாகத் தருபவையே. ஆகவே இதைச் சர்வதேசப் பாடசாலையுடன் ஒப்பிடுவது பொருந்தாது. அங்கே எழுதும் பரீட்சை வேறு, கட்டும் பணமும் வேறு.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். பொய்யில்லாத, கண்ணாற் கண்ட நன்மைகள் இவை. மகள் ஆங்கிலத்தைப் பார்த்து ஒதுங்குவதில்லை. நாங்கள் அளவெட்டியில் சின்ன வெங்காயமும் மரக்கறியும் செய்யும் குடும்பம். அவள் ஒன்பதாம் தரத்தில் படிக்கும்போது தோட்டக் கிணற்றுக்குப் புதிய நீரிறைக்கும் இயந்திரம் ஒன்று வாங்கினோம். இரண்டாம் நாளே அது இடையிடையே நிற்கத் தொடங்கியது. அதனோடு வந்த கைந்நூல் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. என் கணவர் அதை அலுமாரிக்குள் வைத்துவிட்டு மெக்கானிக்கைத் தேடப் புறப்பட்டார். மகள் கிணற்றுக் கட்டில் இருந்து அந்தக் கைந்நூலைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, உறிஞ்சும் குழாயின் இணைப்பில் காற்றுப் புகுந்தால் இப்படி நிற்கும் என்ற பகுதியைக் கண்டுபிடித்துத் தகப்பனுக்கு வாசித்து விளங்கப்படுத்தினாள். இணைப்பை இறுக்கியதும் தண்ணீர் தடங்கலின்றி வந்தது. தமிழ் மொழிமூலத்தில் படித்த பிள்ளையால் இது முடியாது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் எங்கள் வீட்டில், ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஒன்றைத் தனக்காக எழுதப்பட்டதாக நினைத்துத் திறந்த முதல் ஆள் அவள்தான். இந்தத் துணிவு ஆங்கிலப் பாட வேளையில் மட்டும் வந்ததன்று. ஆங்கிலத்தில் பின்னமும் பரப்பளவும் படித்ததால் வந்தது.

இனிக் குறை. இதற்குக் கூடுதலான இடம் தேவைப்படுகிறது, ஏனெனில் அனுமதி நாளில் இதை எங்களுக்கு எவரும் சொல்லவில்லை.

இந்த வகுப்பு ஓர் ஆசிரியரின் தோளில் நிற்கும் வகுப்பு. தமிழ் மொழிமூலத்தில் விஞ்ஞான ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனால், அடுத்த வகுப்பு ஆசிரியர் இரண்டு பாடவேளையாவது வந்து பார்த்துக்கொள்வார். ஆங்கிலத்தில் விஞ்ஞானம் கற்பிக்கக்கூடியவர் பாடசாலையில் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். மகள் எட்டாம் தரத்தில் இருந்தபோது அவளுடைய விஞ்ஞான ரீச்சர் இடமாற்றத்தில் வன்னிக்குச் சென்றார். பதிலுக்கு ஆள் வர இரண்டு தவணை ஆயிற்று. கொரோனாவினால் பாடசாலைகள் மூடித் திறந்த காலமும் அதுவே என்பதால், இழந்தது எவ்வளவு என்று எங்களுக்கே உடனே தெரியவில்லை. அந்த இரண்டு தவணையும் பிள்ளைகள் பாடநூலைப் பார்த்துக் கொப்பியில் எழுதினார்கள். கொப்பி நிறைந்திருந்தது, சோதித்துப் பார்த்தபோதுதான் உள்ளே ஒன்றுமில்லை என்று தெரிந்தது. பெற்றோர் சிலர் சேர்ந்து கேட்டபோது, வெற்றிடம் அறிவிக்கப்பட்டுள்ளது என்ற பதில் கிடைத்தது. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஒரே ஆசிரியரை நம்பி ஒரு வகுப்பை ஆரம்பிப்பவர்கள், அவர் போனால் என்ன செய்வது என்பதையும் ஆரம்பிக்கும் அன்றே யோசித்திருக்க வேண்டும் என்பதை இன்றும் நான் கோபத்தோடுதான் சொல்கிறேன். சாதாரண தரத்தில் மகளுக்கு மற்றப் பாடங்களில் ஏ வந்தது. விஞ்ஞானத்தில் மட்டும் பி. அந்தப் பெறுபேற்றுத் தாளைப் பார்க்கும்போதெல்லாம் எட்டாம் தரத்தின் அந்த வெறும் மேசை எனக்கு நினைவுக்கு வருகிறது.

ஆசிரியர் இருந்த காலத்திலும் ஒரு சிக்கல் இருந்தது. அதை அவளுடைய ஏழாம் தர விஞ்ஞானக் கொப்பியில் கண்டேன். அதை இன்னும் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பக்கத்திலும் நீலப் பேனையால் ஆங்கிலக் குறிப்புகள், அழகான எழுத்தில். கரையோரத்தில், பென்சிலால், மிகச் சிறிதாக, தமிழ். போட்டோசிந்தெசிஸ் என்ற தலைப்பின் பக்கத்தில் ‘ஒளித்தொகுப்பு’. குளோரோஃபில் என்ற இடத்தில் ‘பச்சையம்’. மாஸ் என்ற சொல்லுக்கு முதலில் ‘நிறை’ என்று எழுதி, அழித்து, ‘திணிவு’ என்று எழுதியிருந்தாள். தமிழ் மொழிமூலத்தில் படிக்கும் மச்சாளிடம் கேட்டுக் கேட்டு எழுதியவை அவை. வகுப்பில் ரீச்சரிடம் கேட்கலாமே என்றேன். “கேக்கலாம் அம்மா, ஆனா அதை இங்கிலிஷிலை எப்பிடிக் கேக்கிறதெண்டு யோசிச்சு முடியிறதுக்குள்ளை மணி அடிச்சிடும்” என்றாள்.

அந்தப் பதிலை நான் மறக்கவில்லை. பிள்ளை பதில் எழுதும் மொழியைத்தான் நாங்கள் எல்லோரும் பார்க்கிறோம். அது சந்தேகம் கேட்கும் மொழியை யாரும் பார்ப்பதில்லை. ஐந்தாம் தரம் வரை வாய் ஓயாமல் கேள்வி கேட்ட பிள்ளை, ஆறாம் தரத்தில் அமைதியாகிவிட்டது. நல்ல பிள்ளையாக வளர்கிறது என்று நானும் மகிழ்ந்திருந்தேன். ஒன்பதாம் தரத்தில் வந்த புதிய ரீச்சர், “எந்த மொழியில வேணுமெண்டாலும் கேளுங்கோ பிள்ளையள், நான் இங்கிலிஷில திருப்பிச் சொல்லுறன்” என்று முதல் நாளே சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வாக்கியத்தினால் அடுத்த இரண்டு ஆண்டுகளில் அவள் மீட்டெடுத்தது மிக அதிகம். இந்த வகுப்பு நல்லதா கெட்டதா என்று கேட்பவர்களுக்கு என்னுடைய பதில் இதற்குள்ளேயே இருக்கிறது: பிள்ளைக்குத் தமிழில் சந்தேகம் கேட்க இடமிருக்கும் வகுப்பு நல்லது, அது இல்லாத வகுப்பில் பிள்ளை பார்த்து எழுதப் பழகும், விளங்கிக்கொள்ளாது.

ரியூசன் பற்றியும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் ரியூசன் இல்லாமல் சாதாரண தரம் என்பது அநேக வீடுகளில் நினைத்தும் பார்க்க முடியாதது. எங்கள் பக்கத்தில், சுன்னாகத்திலும் மருதனார்மடத்திலும் உள்ள தனியார் கல்வி நிலையங்களில் தமிழ் மொழிமூல வகுப்புகளே நடக்கின்றன. ஆங்கிலத்தில் கணிதமும் விஞ்ஞானமும் வேண்டுமென்றால் நகரத்துக்குப் போக வேண்டும், அல்லது ஆறேழு பிள்ளைகள் சேர்ந்து ஓர் ஆசிரியரை வீட்டுக்கு அழைக்க வேண்டும். நாங்கள் இரண்டாவதைச் செய்தோம். தமிழ் வகுப்பில் படிக்கும் அவளுடைய மச்சாள் ஒரு பாடத்துக்குச் செலுத்தியதைப் போல மூன்று மடங்கு எங்களுக்குச் செலவாயிற்று. வெங்காயம் விலைப்பட்ட ஆண்டில் அது சுமையாகத் தெரியவில்லை. மழை அடித்துப் போன ஆண்டில் தெரிந்தது.

இப்போது உயர்தரம். பெற்றோர் தெரிந்திருக்க வேண்டியதில் எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான் என்று நினைக்கிறேன். மகள் உயிரியல் பிரிவைத் தேர்ந்தாள். ஆங்கிலத்தில் தொடர்வதா, தமிழுக்குத் திரும்புவதா என்று ஒரு மாதம் வீட்டில் பேச்சு. அவளுடைய வகுப்பில் பெரும்பான்மையோர் தமிழுக்குத் திரும்பினார்கள். பெயர்பெற்ற உயர்தர ஆசிரியர்கள் தமிழிலேயே கற்பிக்கிறார்கள், கடந்தகால வினாத்தாள் விளக்கங்களும் தமிழிலேயே கிடைக்கின்றன. அவளும் திரும்பினாள். முதல் வாரம் இரசாயனவியல் வகுப்பிலிருந்து வந்து அழுதாள். ஒக்சிடேஷன் அவளுக்குத் தெரியும். ‘ஒட்சியேற்றம்’ என்று ஆசிரியர் சொன்னபோது அது வேறொன்று என்று நினைத்திருக்கிறாள். அக்சலரேஷனைக் கண்ணை மூடிக்கொண்டு கணித்துவிடுபவளுக்கு, ‘ஆர்முடுகல்’ என்ற சொல் புதியது. ஐந்தாம் தரம் வரை தமிழ், பதினோராம் தரம் வரை ஆங்கிலம், உயர்தரத்தில் தமிழ், பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடமோ விஞ்ஞான பீடமோ பொறியியல் பீடமோ எதுவானாலும் மீண்டும் ஆங்கிலம். ஒரே பிள்ளை ஒரே அறிவை மூன்று முறை இடம்பெயர்த்துக்கொண்டு போகிறது. இடப்பெயர்வு என்றால் என்னவென்று தெரிந்த எங்கள் தலைமுறை, பிள்ளையின் படிப்பில் அதை இவ்வளவு இலேசாகச் செய்வதை நினைக்க எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அவள் அழுததை மட்டும் சொல்லி விடுவது நியாயமாகாது. மூன்று மாதத்தில் அவள் நிமிர்ந்துவிட்டாள். இரண்டு மொழியிலும் பெயர் தெரிந்த பொருளை அவள் இப்போது கூடுதலான தெளிவோடு விளங்கிக்கொள்கிறாள் என்று அவளுடைய ஆசிரியரே சொன்னார். பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டில் ஏனைய பிள்ளைகள் படும் அவதி அவளுக்கு இராது என்பதையும் நம்புகிறேன். ஆனால் அந்த மூன்று மாதத்தைத் தாங்கும் பிள்ளையா தன்னுடையது என்பதைப் பெற்றோர்தான் அறிவார்கள்.

ஆங்கிலத்தில் படித்தால்தான் விஞ்ஞானம் வரும் என்ற பேச்சை இந்த ஆறு ஆண்டும் கேட்டுவிட்டேன். அதைச் சொல்பவர்கள் மானிப்பாய் வழியாகப் போகும்போது கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1847இல் இங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், முதலில் ஆங்கிலத்தில் மேலைத்தேய மருத்துவம் கற்பித்து, 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார். அதற்காக மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, கலைச்சொற்களையும் ஆக்கினார். ஆங்கிலம் தெரிந்தவர் கிராமத்தை விட்டுப் போய்விடுகிறார், தமிழில் கற்றவர் ஊரில் நின்று வைத்தியம் பார்ப்பார் என்பது அவருடைய எண்ணம். மறுபுறம், 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினறியில் ஆங்கிலத்தில் படித்த சி. வை. தாமோதரம்பிள்ளைதான் 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளில் ஒருவராகி, பின்னர் பழந்தமிழ் ஏடுகளைத் தேடி அச்சேற்றினார். இரண்டு வழியும் எங்கள் மண்ணில் நடந்து பார்த்த வழிகளே. ஆகவே மொழிமூலத்தைக் கௌரவப் பொருளாக ஆக்கி, தமிழ் வகுப்பில் சேர்ந்த பிள்ளையைக் குறைந்த பிள்ளையாகப் பார்க்கும் வழக்கத்தை நாங்கள் கைவிட வேண்டும். மகளின் பாடசாலையில் ஆங்கில வகுப்புப் பிள்ளைகளும் தமிழ் வகுப்புப் பிள்ளைகளும் இடைவேளையில் தனித்தனியாகவே நின்றார்கள். அதை நான் விரும்பவில்லை.

பயணம் பற்றிச் சுருக்கமாக. பாடசாலை 7.30க்குத் தொடங்கும். அளவெட்டியிலிருந்து மல்லாகம் சந்திக்கு வந்து பேருந்தேறி, சுன்னாகம், இணுவில், கொக்குவில் கடந்து நகரத்தை அடைய, அவள் 5.15க்கு எழும்ப வேண்டியிருந்தது. அருணோதயக் கல்லூரி எங்கள் ஊரிலேயே இருக்கிறது. தெல்லிப்பழையின் மகாஜனக் கல்லூரியும் யூனியன் கல்லூரியும் சைக்கிளில் போகும் தூரம். அந்தத் தூரத்தையும் ஆங்கில வகுப்பையும் தராசில் வைத்துப் பார்க்காமல் படிவத்தை நிரப்ப வேண்டாம். என் தங்கை அமெரிக்காவில் இருக்கிறாள். அங்கே அரச பாடசாலைகளிலேயே விஞ்ஞானம், கலை என ஒரு துறையை முன்னிறுத்தி, பரந்த பகுதியிலிருந்து பிள்ளைகளைச் சேர்க்கும் ‘மேக்னெட்’ என்ற சிறப்புத் திட்டம் இருக்கிறது. தன் மகனை அதற்கு அனுப்புவதா என்று அவளும் இதே ஆண்டு யோசித்தாள். தொலைபேசியில் நாங்கள் ஒருவரையொருவர் கேட்ட கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன: எத்தனை மணிக்கு வீடு வருவான், ஊர்ச் சிநேகிதரை இழப்பானா, முதலாம் பிள்ளையாக இருந்தவன் நடுப்பிள்ளையாக ஆனால் மனம் உடைவானா.

சேர்ப்பதற்கு முன் என்ன பார்க்க வேண்டும் என்று கேட்டால், திறந்த நாளில் மண்டபத்தில் நடக்கும் உரைகளைவிட மூன்று இடங்களைப் பார்க்கச் சொல்வேன். ஒன்பதாம் தரத்தில் படிக்கும் ஒரு பிள்ளையின் விஞ்ஞானக் கொப்பியை வாங்கிப் பாருங்கள்; ஆசிரியரின் சிவப்பு மை எவ்வளவு அடிக்கடி தெரிகிறது என்று பாருங்கள். பத்தாம், பதினோராம் தரத்துக்குக் கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கிலத்தில் யார் எடுக்கிறார், அவருக்குப் பதிலாள் யார் என்று அதிபரிடம் நேரே கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. முடிந்தால், பாட நேரத்தில் வகுப்புக்கு வெளியே ஐந்து நிமிடம் நில்லுங்கள். பிள்ளைகளின் குரல் வெளியே கேட்க வேண்டும்.

மகனுடைய புதிய பாடசாலைக்கு நான் போன நாளில் ஆறாம் தர ஆங்கில வகுப்பில் விஞ்ஞானப் பாடம் நடந்தது. ஆசிரியர் பாடநூலின் ஒரு பந்தியை வாசித்தார். நாற்பது பிள்ளைகள் பின்னாலே சொன்னார்கள். பிறகு அடுத்த பந்தி. நான் நின்ற நேரம் முழுவதும் ஒரு கை உயரவில்லை. ஒழுங்கான வகுப்புத்தான், அந்த ஆசிரியர் மீது எனக்குக் குறையில்லை. ஆனால் என் மகன் கேள்விக்காரன். எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது என்ன என்று போன ஞாயிறு கேட்டான். மகள், “கல்சியம்…” என்று ஆங்கிலத்தில் தொடங்கி, நிறுத்தி, யோசித்து, “கல்சியம் காபனேற்று” என்றாள். எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல் நிலம், அந்தக் கல்லைக் கரைத்துக்கொண்டுதான் தண்ணீர் கிணற்றுக்கு வருகிறது, கொதித்ததும் கரைந்தது திரும்பக் கல்லாகிறது என்று சொன்னாள். அப்படியென்றால் நாங்கள் கல்லைக் குடிக்கிறோமா என்று கேட்டான். அந்தக் கேள்வியிலிருந்து அரை மணித்தியாலம் போயிற்று.

படிவத்தில் தமிழ் என்ற கட்டத்தில் சரி அடையாளம் இட்டிருக்கிறேன். மகளுக்கு முதலில் இதில் உடன்பாடில்லை. தான் பெற்றதைத் தம்பிக்கு மறுப்பதாக அவளுக்குப் பட்டது. ஆங்கிலம் அவனுக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை என்பதை விளங்கப்படுத்தினேன். ஒன்பதாம் தரத்தில் அவளுக்குக் கற்பித்தவரைப் போன்ற ஓர் ஆசிரியர் அங்கே இருந்திருந்தால் மற்றக் கட்டத்தில் சரி இட்டிருப்பேன். அவளுடைய பழைய ஆறாம் தர ஆங்கில விஞ்ஞானப் பாடநூலுக்கு இப்போது புதிதாக உறை போட்டு அவனுடைய மேசையில் வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் விறாந்தையில் இருவரும் அதை வாசிப்பதாக ஏற்பாடு.